பின்னோட்டம்

தரணிதரன் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, அவரிடம் ஓர் உதவி கேட்க வேண்டி வந்தது மேனகாவுக்கு. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள்.

பேசுவதற்குத் தடை ஒன்றும் இல்லை. தினமும் சாயங்காலம் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். மில்லில் நூல் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்து வீடு திரும்பியதும் கையைக் கழுவிவிட்டு, சமையல் மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கும் திரையைத் தட்டுவாள். அவர் முகம் வரும். "வந்துட்டியா அம்மிணி? உன் சூப்பர்வைசர் இன்னிக்காச்சும் உசுரோட வீட்டுக்குப் போனானா?" என்பார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அன்றைக்கு நடந்ததையெல்லாம் கொட்டுவாள். உயிரோடு இருந்தபோதுகூட அவர் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

அவருடைய இதயத் தசை வருடக்கணக்காகத் தடித்துக்கொண்டே வந்தது. குடும்பத்தில் வழிவழியாக வருகிற நோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொன்ன பிறகு, பீளமேட்டில் இருந்த 'மறுகரை' என்ற நிறுவனத்துக்கு அவரே போய்ப் பேர் கொடுத்தார். பல நாள் தலையில் கருவியை மாட்டிப் படுக்க வைத்து, மூளையை நரம்பு நரம்பாக வாசித்து, அவரைப் போலவே நினைக்கிற, பேசுகிற ஒரு பிரதியை அவர்கள் உண்டாக்கினார்கள். தான் இறந்துபோனது அந்தப் பிரதிக்குத் தெரியும். தான் ஒரு பிரதி என்பதும் தெரியும். "ஒடம்பு இல்லாததுல ஒரு சௌகரியம், உன் ரசத்தக் குடிக்க வேண்டியதில்ல" என்று அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தார். மேனகா அதை ஒருநாளும் பிரதி என்று நினைத்ததில்லை. அவர்தான்.

ஒரு ஆளுக்கு ஒரே ஒரு பிரதிதான் சட்டப்படி உண்டு. செத்தவர்களை நகல் மேல் நகல் எடுத்துச் சொத்துகளை எழுதி வாங்கிய கூத்தெல்லாம் நடந்த பிறகு, பிரதிக்கு நகல் எடுப்பது ஜெயில் தண்டனைக்குரிய குற்றம் ஆகியிருந்தது.

கார்த்திகையில் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் பிரேயர் நடக்கும்போது மகள் நறுமுகை மயங்கி விழுந்தாள். பதிமூன்று வயது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், மேனகாவின் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடியே பேசினார். அப்பாவுக்கு இருந்த அதே நோய்.

"ஆனா இப்ப மருந்து இருக்குங்கம்மா. உங்க வீட்டுக்காரருக்குக் கெடைக்கல, பாப்பாவுக்குக் கெடைக்கும். மரபணுவுல இருக்கற பிழையவே திருத்தற ஊசி. தசை தடிக்கறதுக்கு முன்னாடி போட்டாத்தான் பலன். இந்த வருசத்துக்குள்ள போட்டாகணும்."

அதன் விலையைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்த மேனகா, பஸ் ஸ்டாப்பில் நின்று வந்த பஸ்களையெல்லாம் விட்டுக்கொண்டிருந்தாள். வீட்டை விற்றாலும் கால்வாசிகூடத் தேறாது. அப்போதுதான் அலமாரியில் கிடந்த பென் டிரைவ் ஞாபகத்துக்கு வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால், சரவணம்பட்டியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த காலத்தில், வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குத் தரணி ஏதோ ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். அந்த ஆள் கூலியாகக் கொடுத்தது, அன்றைக்கு யாரும் சீண்டாத ஒரு கிரிப்டோ நாணயம். அதை ஒரு பென் டிரைவில் போட்டு, பாஸ்வேர்ட் வைத்துப் பூட்டி எறிந்துவிட்டு மறந்துபோனார். பல வருடம் கழித்து அந்த நாணயம் எங்கோ உயரத்துக்குப் போய் நின்றபோது, பூட்டு இருந்தது, சாவி இல்லை. தோன்றியதையெல்லாம் அடித்துப் பார்த்தார். குறிப்பிட்ட தடவைக்கு மேல் தப்பாக அடித்தால் உள்ளே இருப்பது தானாகவே அழிந்துவிடும். இன்னும் இரண்டு வாய்ப்புதான் என்று வந்ததும் பயந்துபோய் மூடி வைத்தார். "ஊரே கோடீஸ்வரனாயிருச்சு, நாம பூட்டுன பொட்டியப் பாத்துட்டு ஒக்காந்திருக்கோம்" என்று கடைசிவரை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மேனகா வெங்காயத்தை எடுக்கவில்லை.

"ஏனுங்க, அந்தப் பென் டிரைவ்…"

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? நெசமாலுமே மறந்து போச்சு அம்மிணி. செத்தும் ஞாபகம் வரலீன்னா பாத்துக்கோ."

அவள் மகளைப் பற்றிச் சொன்னாள். பிரதி பேசாமல் இருந்தால் திரைதான் நின்றுபோய்விட்டதோ என்று தோன்றும். கண் இமைத்ததைப் பார்த்துத்தான் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டாள்.

"என்னோடதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"போயும் போயும் இதையா நான் அவளுக்குக் குடுத்துட்டு வந்தேன்."

மேனகா, "மறுகரைல நஸ்ரீன்கிட்டக் கேட்டேன். ஒரு வழி இருக்குதுங்கறா" என்றாள்.

"பின்னோட்டம்தானே?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"பேர் குடுக்கறப்பவே படிச்சுக் காட்டினாங்க. எனக்கு எதுக்கு இதுன்னு அன்னிக்கு நெனச்சேன்."

நஸ்ரீன் மறுகரையில் பிரதிகளைப் பராமரிக்கிற பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வேலையைச் செய்யும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கு. பீளமேட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அவர்கள் அலுவலகம். பப்ஸ் வேகிற வாசனை படியேறி வரும். மறுநாள் மதியம், சுவரில் பெரிய திரை பொருத்திய அறையில் மேனகாவை உட்கார வைத்து, திரையில் இருந்த தரணியிடமும் சேர்த்து அவள் விளக்கினாள்.

"சார் மறந்ததா சொல்றது அழிஞ்சு போகல. அதுக்கு மேல புதுசு புதுசா நினைவுகள் படிஞ்சு மூடியிருக்கு. மேல இருக்கறத ஒவ்வொரு அடுக்கா உரிச்சுட்டே போனா, ஒரு எடத்துல கீழ இருக்கறது மேல வந்துரும். அந்த வயசுக்கு சார் போயிருவாரு. அப்ப கேட்டா, நேத்து வெச்ச பாஸ்வேர்ட் மாதிரி சொல்லுவாரு."

"நேராத் தேடி எடுக்க முடியாதா?" என்றாள் மேனகா.

"அலமாரில அடுக்கி வெச்ச மாதிரி இருந்தா எடுத்துரலாம்க்கா. எது எங்க இருக்குன்னு அவருக்கேதான் தெரியும். அவரு வழியாத்தான் போகணும்."

"உரிச்சத மறுபடி ஒட்ட முடியாதா?"

நஸ்ரீன் தலையை ஆட்டினாள். "முடியாதுக்கா. இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்த வயசு ஆளுக்குத் தான் செத்தது தெரியாது. செத்தது தெரியாத ஒரு பிரதிய ஓட விட்டு வெக்கறது தப்புன்னு சட்டம். சொன்னாலும் தாங்க மாட்டாங்க, பாத்திருக்கேன். அதனால அன்னிக்கே நிறுத்திரணும்."

மேனகா திரையைப் பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரதி சம்மதிக்கணும்ல?" என்றார் நஸ்ரீனிடம். "நான் சம்மதிக்கறேன். எங்க சொல்லணுமோ சொல்றேன்."

"கொஞ்சம் யோசிங்க," என்றாள் மேனகா.

"இதுல யோசிக்க என்ன இருக்குது? நான் போயிட்டேன் அம்மிணி. போனவன ஒரு வருசமா நீதான் சமையக்கட்டுல ஒக்கார வெச்சுப் பேசிட்டிருக்கற. எனக்கும் போகப் பிடிக்காமத்தான் இருந்துட்டேன். இப்ப ஒரு காரியத்துக்கு ஆகுதுன்னா ஆகட்டும்."

வீட்டில் நறுமுகைக்கு இதைச் சொல்லியபோது அவள் கத்தினாள். எனக்கு ஊசியே வேண்டாம் என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு, அப்பாவைத் தன் அறைக்குள் எடுத்துப் போய்விட்டாள். மேனகா கதவுக்கு வெளியே நின்றாள். ஒட்டுக்கேட்பது தப்பு என்று தெரியும். நகர முடியவில்லை.

"என்னாலதானே உங்கள அழிக்கப் போறாங்க?" மகளின் குரல்.

"உன்னால இல்ல கண்ணு. என்னாலதான். இந்த நோவு என்கிட்ட இருந்து வந்தது."

"நீங்க என்ன மறந்துருவீங்க."

"மறந்துருவேன்." அவர் பொய் சொல்ல முயற்சிகூடச் செய்யவில்லை. "நான்தான் உன்ன மறக்கப் போறேன். நீ என்ன மறக்க வேண்டியதில்லையே. ரெண்டு பேர்ல ஒருத்தர் ஞாபகம் வெச்சிருந்தாப் போதும்."

பிறகு நறுமுகை, "பின்னம் வகுத்தல் இன்னும் எனக்கு வரலப்பா" என்றாள் அழுதுகொண்டே. அவர் நோட்டை எடுக்கச் சொன்னார். இரண்டு பேரும் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். மேனகா சமையலறைக்குப் போய், எரியாத அடுப்புக்கு முன்னால் நின்றாள்.

பின்னோட்டத்துக்கு ஒரு சனிக்கிழமை காலையில் போனார்கள். நறுமுகை அறைக்குள் வர மறுத்துவிட்டாள். "அவரு என்னப் பாத்து யாருன்னு கேட்டா எனக்கு வேண்டாம்" என்று சொல்லிக் கீழே பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆரம்பிக்கும் முன்பு இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் தனியாக விட்டுவிட்டுப் போனாள் நஸ்ரீன். கடைசியாகப் பேச வேண்டியதையெல்லாம் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள் மேனகா. ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"மில்லுல வேலைய விட்டுறாத," என்றார் அவர். "சூப்பர்வைசர் மேல இருக்கற கோவத்துல விட்டுறாத."

"விட மாட்டேங்க."

"ஏ, அழுவாத. நான் அழற ஆளப் பாத்துட்டே போகணுமா?"

அவள் சிரிக்க முயன்றாள். நன்றாக வரவில்லை. ஆனாலும் அவர், "அது போதும்" என்றார்.

திரையில் தெரிகிற முகம், பிரதி தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறதோ அதுதான் என்று நஸ்ரீன் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். முதல் அடுக்கு போனபோது அவர் கன்னத்தில் சதை பிடித்தது. நோய் போய்விட்டது. மேனகா அவரை அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. இன்னும் உரிக்க உரிக்க நரை கறுத்தது. மீசை அடர்ந்தது. மேனகா இருந்த பக்கத்துக் கேமராவை நஸ்ரீன் அணைத்து வைத்திருந்தாள். மனைவி திடீரென்று வயதாகித் தெரிந்தால் அவர் மிரண்டுவிடுவார்.

"சார், வீட்ல இப்ப என்ன விசேஷம்?" என்று கேட்டாள் நஸ்ரீன். எந்த வயதில் நிற்கிறார் என்று தெரிந்துகொள்ள அப்படித்தான் கேட்பாளாம்.

"மேனகாவுக்கு ஒம்பதாம் மாசங்க," என்றார் தரணி. முகமெல்லாம் பூரிப்பு. "மாங்கா கேப்பான்னு பாத்தா, ஈர சிமெண்ட் வாசம் புடிச்சிருக்குதுங்கறா. சாயங்காலமானா வீடு கட்டற எடமாப் பாத்து நடக்கக் கூட்டிட்டுப் போறேன். மேஸ்திரிங்க எல்லாம் எங்கள எடம் வாங்க வந்தவங்கன்னு நெனச்சுட்டு டீ குடுக்கறாங்க."

மேனகா வாயைப் பொத்திக்கொண்டாள். அதை அவள் மறந்தே போயிருந்தாள். கணபதியில், மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், பாதி எழும்பிய ஒரு சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு அவள் நிற்க, அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"பாஸ்வேர்டு ஏதாச்சும் ஞாபகம் வருதா சார்? அந்தப் பென் டிரைவோடது?"

"ஏதோ ஒரு பேருங்க. கூட ஒரு நம்பர். நாக்கு நுனில நிக்குது, வெளிய வர மாட்டேங்குது."

நஸ்ரீன் மேனகாவைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னும் கீழ போகணும்க்கா. அடுத்த அடுக்குல உங்க கல்யாணம் இருக்கு."

"தெரியும். எடு."

அவருடைய முகத்தில் பெரிய மாறுதல் எதுவும் தெரியவில்லை. ஒரு நொடி எதையோ சொல்ல வந்து மறந்துபோனவர் போல வாயைத் திறந்து மூடினார். அவ்வளவுதான். பதினெட்டு வருட வாழ்க்கை அதற்குள் முடிந்துபோயிருந்தது. இன்னும் இரண்டு மூன்று அடுக்குகள் போன பிறகு திரையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான்.

ஒல்லியாக இருந்தான். நெற்றியில் முடி விழுந்தது. அவனை 'அவர்' என்று நினைக்க மேனகாவால் முடியவில்லை. கல்யாணத்துக்கு வந்தபோது இருந்தவர்கூட இவன் இல்லை. இவனை அவள் பார்த்ததே கிடையாது.

நஸ்ரீன் கேமராவைப் போட்டாள். அவன் மேனகாவைப் பார்த்தான். மரியாதைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வணக்கங்க அக்கா," என்றான்.

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நாற்பதுக்கு மேல், அவனுக்கு இருபத்து மூன்று. வேறு எப்படிக் கூப்பிடுவான்?

ஞாபக சக்தி பற்றிய ஓர் ஆராய்ச்சிக்கு அவனைக் கூப்பிட்டிருப்பதாக நஸ்ரீன் சொன்னாள். அவன் தலையாட்டினான். ஆனால் பாஸ்வேர்டைக் கேட்டதும் சிரித்துவிட்டான்.

"ஏனுங்க, பாஸ்வேர்ட யாருக்கும் சொல்லாதீங்கன்னு தினமும் பேங்க்ல மெசேஜ் அனுப்பறான். நீங்க நேர்லயே கேக்கறீங்க?"

நஸ்ரீன் ஆராய்ச்சி, ரகசியம் காப்போம், அது இது என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே மறுத்துக்கொண்டிருந்தான். மேனகா அவளைக் கையமர்த்தினாள்.

"ஆராய்ச்சியெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றாள். "எனக்கு அந்தக் காசு வேணும். அதுக்குத்தான் கேக்கறோம்."

அவன் சிரிப்பு நின்றது. "எந்தக் காசு? வெள்ளக்காரன் குடுத்ததா? அது செல்லாக்காசுங்க அக்கா. ஒரு டீகூட வாங்க முடியாது."

"எனக்குச் செல்லும்."

"எப்புடி?"

"அத எப்புடிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. எனக்கு ஒரே பொண்ணு. இதயத்துல நோவு. மருந்து வாங்க வேற வழியில்ல. அவங்க அப்பா இருந்தா அவர்கிட்டக் கேட்டிருப்பேன்."

"அவரு…"

"இல்லீங்க. போயிட்டாரு."

அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. இவள் புத்தி பேதலித்தவளோ என்று யோசித்திருக்கலாம். புருசனைப் பறிகொடுத்த துக்கத்தில், செல்லாத காசைக் கேட்டு நிற்கும் ஒரு பொம்பளை.

"எடுத்துக்கங்க," என்றான். "இதுக்குப் போயி எதுக்குங்க அழுவறீங்க? நான் அத வெச்சு என்ன பண்ணப் போறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைத் திட்டிய விஷயம் இது. கேட்டவனுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடுவார். இந்தக் குணத்திடமே ஒருநாள் வந்து கையேந்தப் போகிறோம் என்று அப்போது தெரியாது.

"எழுதிக்கங்க. நான் எங்க வெச்சாலும் ஒரே மாதிரித்தான் வெப்பேன். ஒரு பேரு ரெண்டு தடவ, நடுவுல எங்கப்பாவோட மொபெட் நம்பர். நாலு ஏழு ஒண்ணு மூணு. பேர மட்டும் மாத்துவேன், நம்பர மாத்த மாட்டேன். இதுக்கு வெச்ச பேரு…" கொஞ்சம் வெட்கப்பட்டான். "சுருளி. எங்க ரூமுக்கு வந்து போற பூனைங்க."

நஸ்ரீன் மேஜைக் கணினியில் பென் டிரைவைச் சொருகினாள். அவள் அடிக்க அடிக்க ஒவ்வோர் எழுத்தையும் மேனகா பார்த்துப் பார்த்துச் சரி என்று சொன்னாள். அடித்து முடித்தாள்.

கணினித் திரையில் இரண்டு வரிகள் வந்தன. 'இது பழைய கடவுச்சொல். 14 செப்டம்பர் 2028 அன்று மாற்றப்பட்டுள்ளது.' கீழே சிவப்பில்: 'இன்னும் ஒரு முயற்சி மட்டுமே உள்ளது.'

நஸ்ரீன் உதட்டைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு, பையனுக்குக் கேட்காமல் ஒலியை நிறுத்திவிட்டு, "அக்கா," என்றாள். "இடையில ஒருநாள் ஞாபகம் வந்து தொறந்து மாத்தியிருக்காரு. மாத்தினதையே மறந்துட்டாரு. நாம காலைல எடுத்த அடுக்குலதான் அது இருந்திருக்கு. இந்தத் தேதிய முன்னாடியே சொல்லிக் கேட்டிருந்தா சாருக்கே…"

"தேதி இப்பத்தானே தெரிஞ்சுது," என்றாள் மேனகா.

"எல்லாம் போச்சுக்கா. நான்தான் எடுத்தேன்."

மேனகா மறுபடியும் தேதியைப் படித்தாள். செப்டம்பர் பதினாலு. நறுமுகை பிறந்தது பன்னிரண்டாம் தேதி.

சிசேரியன் முடிந்து அவள் படுத்துக் கிடந்தாள். அவர் ஜன்னலோரம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் வேலை என்று அவள் நினைத்தாள். பிறப்புச் சான்றிதழுக்குப் பேர் கேட்டு நர்ஸ் இரண்டு தடவை வந்து போய்விட்டாள். அந்தப் பேருக்காகத்தான் காலையிலிருந்து இரண்டு பேருக்கும் சண்டை. பிரசவ வார்டில் கரண்ட் போன நேரத்தில், ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துவிட்டுக் குழந்தைக்கு அவர் ஒரு பேர் முடிவு பண்ணியிருந்தார். அவள் ஒரேயடியாக முடியாது என்றாள். பெற்றவளுக்குத்தான் உரிமை என்று சொல்லி, தான் நினைத்திருந்த நறுமுகையையே எழுதச் சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லை. லேப்டாப்பைத் தட்டிக்கொண்டே, "சரி அம்மிணி. என் பேர நான் வேற எங்கியாச்சும் வெச்சுக்கறேன்" என்றார். தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று அவள் சொன்னாள். அதோடு அது முடிந்துபோயிற்று. பதிமூன்று வருடமாக இரண்டு பேருமே அதை நினைக்கவில்லை.

"நகரு," என்றாள் நஸ்ரீனிடம்.

"அக்கா, இது கடைசி வாய்ப்பு. தப்பாப் போனா…"

"தெரியும்."

மேனகா அந்தப் பேரை அடித்தாள். நாலு ஏழு ஒண்ணு மூணு. மறுபடியும் அந்தப் பேர்.

திரை சற்று நேரம் ஒன்றும் காட்டாமல் இருந்தது. பிறகு திறந்தது. நஸ்ரீன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். உள்ளே இருந்த தொகை நறுமுகைக்குப் போதும், அதற்கு மேலும் இருந்தது. மேனகா அதைப் பார்த்தாள். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. இதை ஓடிப்போய்ச் சொல்ல அவளுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

சுவர்த் திரையில் அந்தப் பையன் சலிப்பாக விரல்களைச் சொடுக்கியபடி காத்திருந்தான். இரண்டு பெண்கள் அழுவதைப் பார்த்ததும் பதறி எழுந்தான். நஸ்ரீன் ஒலியைப் போட்டாள்.

"என்னாச்சுங்க அக்கா? கெடைக்கலயா?"

"கெடைச்சுருச்சு."

"அப்பாடா. நான் சொன்னதுதானே?"

"நம்பர் நீங்க சொன்னது. பேரு வேற."

"அதெப்புடிங்க? சுருளிதானே வெச்சேன்?" நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "என்ன பேருங்க அது?"

மேனகா சட்டென்று சொல்லிவிடவில்லை. பதிமூன்று வருடமாகச் சொல்லாத பேர்.

"மின்மினி."

அவன் உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "நல்லா இருக்குங்களே. யாரு பேரு?"

"என் வீட்டுக்காரர் எங்க பொண்ணுக்கு வெக்கணும்னு ஆசப்பட்டாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஏனுங்க?"

"பூச்சி பேரு, பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்கன்னு."

"அட போங்கக்கா," என்று சிரித்தான். "இவ்ளோ நல்ல பேர விட்டுட்டீங்களே." பிறகு ஏதோ தயங்கினான். நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டான். "நீங்க வெக்கலீன்னா, நாளைக்கு எனக்கொரு பொண்ணு பொறந்தா நான் வெச்சுக்கட்டுங்களா? உங்க வீட்டுக்காரரு தப்பா நெனைக்க மாட்டாரே?"

நஸ்ரீன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"நெனைக்க மாட்டாரு," என்றாள் மேனகா. "வெச்சுக்கங்க."

"கட்டிக்கப் போற மகராசி என்ன சொல்லுவாளோ."

"ஒத்துக்குவா. கொஞ்சம் மொரண்டு பிடிப்பா. நீங்க விட்டுக் குடுத்துறாதீங்க."

"சரிங்கக்கா." அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "பாப்பாவுக்குச் சரியாயிரும், பயப்படாதீங்க. அப்ப நான் வரட்டுங்களா?"

நஸ்ரீன் திரும்பி வந்து, விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு மேனகாவின் முகத்தைப் பார்த்தாள். மேனகா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை.

"வாங்க," என்றாள்.